ஏறும் முன் முப்பது, இறங்கிய பின் இருபது

சென்னையில் அலுவலகங்கள் விடும் நேரத்தில் செயலி வழியாக ஆட்டோ தேடுபவர்களுக்கு அந்தப் பொத்தான்கள் நன்றாகத் தெரியும். கட்டணம் திரையில் இருக்கிறது, பக்கத்துத் தெருவில் வண்டிகள் நிற்பதையும் வரைபடம் காட்டுகிறது, ஆனால் சவாரியை ஏற்க ஆள் இல்லை. சிறிது நேரம் தேடிவிட்டு, இன்னும் பத்தோ இருபதோ முப்பதோ சேர்த்தால் சீக்கிரம் கிடைக்கும் என்று செயலி யோசனை சொல்கிறது. முப்பதைத் தொட்டால் பெரும்பாலும் வண்டி வந்துவிடுகிறது. இந்த முப்பது ரூபாய்க்குச் செயலிகள் வைத்த பெயர் டிப்ஸ். அதே வண்டியின் ஓட்டுநர் தண்ணீர் தேங்கிய தெருவுக்குள் முகம் சுளிக்காமல் வந்து, பெட்டியை இறக்கி வாசற்படியில் வைத்துவிட்டுக் கிளம்பும்போது நாம் கூடுதலாக இருபது ரூபாய் கொடுத்தால், அதற்கும் பெயர் டிப்ஸ்தான்.

ஓட்டுநருக்கு டிப்ஸ் கொடுக்க வேண்டுமா, கொடுத்தால் எவ்வளவு என்ற கேள்விக்குத் தெளிவான பதில் கிடைக்காமல் போவதற்கு இந்தக் குழப்பமே முதல் காரணம். ஏறும் முன் கேட்கப்படும் முப்பது ரூபாய், கட்டணத்தில் விடுபட்டுப்போன ஒரு பகுதி. இறங்கிய பின் கொடுக்கும் இருபது ரூபாய், செய்த வேலைக்கான மரியாதை. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதிவிட்டால், கட்டணம் ஏன் போதவில்லை என்று எவரும் கேட்க மாட்டார்கள். பயணியின் தாராள மனமும் கஞ்சத்தனமும் மட்டுமே பேச்சாகிவிடும். செயலி நடத்துபவர்களுக்கு அதைவிட வசதியான பேச்சு வேறில்லை.

டெல்லி சொன்ன பதில்

முன்கூட்டிய டிப்ஸ் 2025 மே மாதத்தில் மத்திய அரசின் பார்வைக்குப் போனது. சேவை விரைவாகக் கிடைக்க முதலிலேயே டிப்ஸ் கொடுக்கும்படி பயணிகளைத் தூண்டுவது நெறியற்றது, சுரண்டல் என்று நுகர்வோர் விவகாரத் துறை அமைச்சர் பிரஹலாத் ஜோஷி கண்டித்தார். டிப்ஸ் என்பது சேவை முடிந்தபின் மனமுவந்து தருவது, உரிமையாகக் கேட்கக்கூடியது அல்ல என்பது அவர் வாதம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஊபரிடம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. ஆனால் இந்த ஏற்பாட்டை வைத்திருந்தது ஊபர் மட்டுமல்ல. நம்ம யாத்ரி, ராபிடோ ஆகிய செயலிகளிலும் அதற்கு முன்பே இது இருந்தது.

அதே ஆண்டு ஜூலை 1 அன்று சாலைப் போக்குவரத்து அமைச்சகம் செயலி வண்டிகளுக்கான புதிய வழிகாட்டுதல்களை வெளியிட்டது. டிசம்பரில் அவற்றில் ஒரு திருத்தம் வந்தது. டிப்ஸ் கேட்கும் வசதி பயணம் முடிந்த பிறகே திரையில் தோன்ற வேண்டும், முன்பதிவின்போது தோன்றக் கூடாது, கொடுக்கும் தொகை பிடித்தம் ஏதுமின்றி முழுவதும் ஓட்டுநருக்கே போய்ச் சேர வேண்டும் என்பது அதன் சாரம்.

நல்ல விதி. ஆனால் இதில் இரண்டு சிக்கல்கள் உள்ளன. இவை வழிகாட்டுதல்கள் என்பதால் மாநிலங்கள் ஏற்று நடைமுறைப்படுத்தினால்தான் பல் முளைக்கும் என்பது ஒன்று. டிப்ஸ் என்ற பெயரை எடுத்துவிட்டுக் கட்டணத்தைக் கூட்டு என்று அதே பொத்தானுக்கு வேறு பெயர் எழுதிவிட்டால், விதியின் எழுத்துக்குப் பங்கமில்லாமல் பழைய வழக்கம் தொடரலாம் என்பது இன்னொன்று. அந்த முப்பது ரூபாய் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காதவரை அது ஏதோ ஒரு பெயரில் வந்துகொண்டேதான் இருக்கும்.

முப்பது ரூபாயின் பிறப்பிடம்

தமிழ்நாடு அரசு சென்னைக்கு ஆட்டோ கட்டணம் நிர்ணயித்தது 2013 ஆகஸ்டில். முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்குப் பின் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய். அப்போது பெட்ரோல் லிட்டர் எழுபது ரூபாய்ச் சொச்சம். பிறகு நூறைத் தாண்டியது. 2022இல் சென்னை உயர் நீதிமன்றமே எரிபொருள் விலைக்கேற்பக் கட்டணத்தைத் திருத்துவது பற்றிப் பேசியது. 2025 தொடங்கும்போதும் அரசுப் பட்டியலில் அந்தப் பழைய எண்களே இருந்தன. பொறுமையிழந்த ஓட்டுநர் சங்கங்கள் அந்த ஆண்டு பிப்ரவரி 1 முதல் 1.8 கிலோமீட்டருக்கு 50 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 18 ரூபாய் என்று தாங்களாகவே அறிவித்தன. அரசு அதை அங்கீகரிக்கவில்லை.

ஐந்து கிலோமீட்டர் சவாரி ஒன்றை இந்த இரண்டு கணக்கிலும் போட்டுப் பார்க்கலாம். அரசுக் கணக்கில் 63 ரூபாய் 40 காசு. சங்கங்களின் கணக்கில் 107 ரூபாய் 60 காசு. இடைவெளி 44 ரூபாய். செயலிகள் காட்டும் தொகை நேரத்தையும் நெரிசலையும் பொறுத்து ஏறி இறங்கும். அது ஓட்டுநர் நியாயம் என்று நினைக்கும் தொகைக்குக் கீழே நிற்கும்போதெல்லாம் அந்தப் பத்து, இருபது, முப்பது முளைக்கிறது. அன்பளிப்புக்கு இவ்வளவு துல்லியமான இடைவெளி அமைவதில்லை.

இதோடு காலியாக ஓடும் தூரம் என்றொரு செலவு இருக்கிறது. கிண்டியில் நிற்கும் ஓட்டுநர் இரண்டு கிலோமீட்டர் போய் ஆளை ஏற்றிக்கொண்டு, மூன்று கிலோமீட்டரில் இறக்கிவிட வேண்டுமென்றால் அவர் ஓட்டியது ஐந்து, கூலி மூன்றுக்கு. கேளம்பாக்கத்துக்கோ திருநின்றவூருக்கோ இரவில் போனால் திரும்பும்போது சவாரி கிடைக்கும் என்ற உறுதி இல்லை. சவாரியை ஏற்றபிறகு தொலைபேசியில் அழைத்து, எங்கே இறங்க வேண்டும், ரொக்கமா ஆன்லைனா என்று ஓட்டுநர்கள் கேட்பது பயணிகளுக்கு எரிச்சல் தருகிறது. எனக்கும்தான். ஆனால் அந்த இரண்டு கேள்விகளும் அவருடைய இழப்பை அளக்கும் கேள்விகள். மத்திய அரசின் 2025 வழிகாட்டுதல் இதைக் கொஞ்சம் புரிந்துகொண்டிருக்கிறது. காலி ஓட்டத்தை ஈடுகட்ட, அடிப்படைக் கட்டணம் குறைந்தது மூன்று கிலோமீட்டருக்காவது இருக்க வேண்டும் என்கிறது. நெரிசல் நேரத்தில் அடிப்படைக் கட்டணத்தைப் போல் இரண்டு மடங்குவரை வாங்கலாம் என்றும் அனுமதிக்கிறது. சொந்த வண்டி வைத்திருக்கும் ஓட்டுநருக்குக் கட்டணத்தில் குறைந்தது 80 விழுக்காடு போக வேண்டும் என்பதும் அதில் உண்டு.

ஆட்டோக்களில் அந்த 80 விழுக்காடு பற்றிய பேச்சே மாறிக்கொண்டிருக்கிறது. கமிஷன் எடுக்காமல் ஓட்டுநரிடம் நாள் சந்தா வாங்கும் முறையை, 2022 இறுதியில் பெங்களூருவில் தொடங்கிய நம்ம யாத்ரி பெரிய அளவில் கொண்டுவந்தது. ராபிடோ அதைப் பின்பற்றியது. 2025 பிப்ரவரியில் ஊபரும் ஆட்டோக்களுக்கு அந்த முறைக்கு வந்து, கட்டணத்தைப் பயணி நேரடியாக ஓட்டுநரிடமே கொடுத்துவிட வேண்டும் என்றது. ஆளையும் வண்டியையும் சேர்த்துவைப்பது மட்டுமே எங்கள் வேலை, பணம் உங்கள் இருவருக்கும் இடையிலானது என்பது இதன் பொருள். கமிஷன் போனது ஓட்டுநருக்கு நல்லதே. ஆனால் கட்டணம் குறைவாக இருப்பதற்கான பொறுப்பும் கமிஷனோடு சேர்ந்து செயலியின் கையைவிட்டுப் போய்விட்டது. எங்கள் தொகை வெறும் ஆலோசனை, மேலே எவ்வளவு போடுவது என்பது உங்கள் விருப்பம் என்று சொல்லிக்கொள்ள அதற்கு வழி கிடைத்துவிட்டது.

பேரத்தில் யார் முகம் தெரிகிறது

சென்னை ஆட்டோக்காரர்களிடம் மீட்டருக்கு மேல் போட்டுக் கொடுத்துப் பழகியவர்கள், இது பழைய பேரம்தானே, இதில் என்ன புதுமை என்று கேட்கலாம். ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. தெருவில் பேரம் பேசும்போது எதிரில் ஆள் நிற்கிறார். அவர் 150 என்பார், நாம் 100 என்போம், நாலு அடி நடந்தால் பின்னாலிருந்து 120 என்று குரல் வரும். அடுத்த ஆட்டோவிடமும் கேட்டுப் பார்க்கலாம். இரு தரப்புக்கும் ஏறக்குறைய ஒரே அளவு தகவல் இருக்கிறது.

செயலியில் நாம் இருட்டில் ஏலம் கேட்கிறோம். எத்தனை ஓட்டுநர்கள் நம் கோரிக்கையைப் பார்த்து மறுத்தார்கள், அல்லது எவருமே பார்க்கவில்லையா, பத்து ரூபாய் போதுமா, எதுவும் சேர்க்காமல் இன்னும் ஒரு நிமிடம் காத்திருந்தால் கிடைத்திருக்குமா, இதில் எதுவும் நமக்குத் தெரியாது. ஓட்டுநராலும் நாற்பது கொடுத்தால் வருகிறேன் என்று சொல்ல முடியாது. ஏற்கலாம் அல்லது விடலாம். இரண்டு பக்கமும் நடப்பதை அறிந்த ஒரே தரப்பு நடுவில் இருக்கும் நிறுவனம். இந்த விஷயத்தில், சைபீரியாவின் யாகூட்ஸ்க் நகரில் பிறந்து இந்தியாவிலும் ஓடும் இன்டிரைவ் செயலி கொஞ்சம் நேர்மையானது என்பேன். அங்கே பயணி ஒரு தொகையைச் சொல்கிறார், ஓட்டுநர்கள் மறுவிலை சொல்கிறார்கள், பிடித்ததைத் தேர்ந்தெடுக்கலாம். அதைப் பேரம் என்றே அழைக்கிறார்கள், நன்றிக் காணிக்கை என்று வேடம் போடுவதில்லை.

வேடம் போடுவதால் இன்னொரு விளைவும் உண்டு. நிறையப் பேர் முப்பது சேர்க்கத் தொடங்கியதும், முப்பது சேர்க்காத கோரிக்கைகளைக் கடந்துபோக ஓட்டுநர்கள் பழகிவிடுகிறார்கள். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பது அவர்கள் விஷயத்தில் வெறும் பழமொழி இல்லை, அன்றாட வருமான உத்தி. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் சேர்க்கும் வசதி இல்லாதவர், உதாரணமாக அரசு மருத்துவமனையில் சோதனை முடித்துவிட்டு வெளியே நிற்கும் முதியவர், அதிக நேரம் தெருவில் நிற்கிறார். கட்டணம் எல்லோருக்கும் ஒரே சீராக ஏறியிருந்தால் அவர் குறைந்தபட்சம் முன்கூட்டியே தெரிந்துகொண்டு பஸ்ஸில் போயிருப்பார்.

சில்லறையும் பேட்டாவும்

நம் ஊரில் டிப்ஸ் என்பது மேற்கிலிருந்து செயலியோடு இறங்கியது அல்ல. வாடகைக் காரில் வெளியூர் போனவர்கள் எல்லோருக்கும் டிரைவர் பேட்டா தெரியும். அது பேசும்போதே சொல்லப்படும் நிலையான தொகை, கிலோமீட்டர் கணக்கோடு சேராது, ஓட்டுநரின் சாப்பாட்டுக்கும் நாள் முழுதும் வண்டியோடு இருப்பதற்கும் உரியது. திருநள்ளாறு போய்த் திரும்பிய பின் டீ செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று தனியாகக் கொடுப்பது வேறு. பேட்டா கூலி, டீ செலவு மனசு. அந்தக் காலத்து டிராவல்ஸ்காரர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளவில்லை. பேட்டாவை விட்டுவிட்டு டீ செலவுக்கு மட்டும் கொடுத்தால் ஓட்டுநர் வண்டியை எடுத்திருக்க மாட்டார்.

நகருக்குள் ஓடிய ஆட்டோவில் சில்லறைதான் டிப்ஸாக இருந்தது. 87 ரூபாய்க்கு நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் பதின்மூன்று ரூபாய் திரும்புவது அரிது. சில்லறை இல்லை என்று சொல்லப்படும், சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும், நாம் சலித்துக்கொண்டு இறங்குவோம். மனமுவந்து கொடுத்ததாகச் சொல்ல முடியாது என்றாலும், ஒவ்வொரு சவாரியிலும் ஐந்து, பத்து என்று ஓட்டுநர் பக்கம் ஒதுங்கிய பணம் அது. 2016இல் வந்த யுபிஐ அதைத் துடைத்துவிட்டது. இப்போது 87 ரூபாய் என்றால் 87 ரூபாய். ஒலிபெருக்கிப் பெட்டி அதை உரக்க அறிவிக்கவும் செய்கிறது. டிஜிட்டல் பரிமாற்றத்தின் நன்மைகளைப் பேசும் எவரும் இந்தச் சில்லறை வருமானம் மறைந்ததைக் கணக்கில் எடுப்பதில்லை. எவ்வளவு டிப்ஸ் என்று கேட்கும் நகரப் பயணிக்கு என் முதல் பதில் இதிலிருந்தே கிளம்புகிறது: தொகையை அடுத்த பத்துக்கு நிமிர்த்துங்கள். அது தாராளமே அல்ல, பழைய நிலுவை.

அமெரிக்கா காட்டும் கண்ணாடி

பல வேலைகளில் டிப்ஸையே சம்பளத்தின் பெரும்பகுதியாக வைத்திருக்கும் அமெரிக்காவில் இந்த விவகாரம் தலைகீழாகத் தொடங்கியது. ஊபரின் கவர்ச்சியே பணப்பையைத் திறக்காமல் இறங்கிப் போகலாம் என்பதுதான். டிப்ஸ் தேவையில்லை என்று நிறுவனம் பயணிகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. போட்டி நிறுவனமான லிஃப்ட் தன் செயலியிலேயே டிப்ஸ் கொடுக்க வழி வைத்தும் ஊபர் அசையவில்லை. ஓட்டுநர்கள் தொடுத்த வழக்கில் 2016இல் ஒரு சமரசம் பேசப்பட்டபோது, வண்டிக்குள் டிப்ஸ் வரவேற்கப்படும் என்று சிறிய அட்டை வைத்துக்கொள்ள அனுமதிப்பதாக ஊபர் ஒப்புக்கொண்டது. நீதிபதி எட்வர்ட் சென் அந்தச் சமரசத்தையே போதாதென்று நிராகரித்தார். நியூயார்க்கில் ஓட்டுநர் அமைப்பு மனுக் கொடுத்து, நகரின் டாக்சி ஆணையம் செயலியில் டிப்ஸ் வசதி கட்டாயம் என்று விதி கொண்டுவரும் நிலை வந்தது. 2017 ஜூன் 20 அன்று ஊபர் மூன்று நகரங்களில் டிப்ஸைத் தொடங்கி, அடுத்த மாதத்துக்குள் நாடு முழுவதும் பரப்பியது. நிறுவனர் டிராவிஸ் கலானிக் தலைமைப் பதவியிலிருந்து விலகியதும் அதே வாரத்தில்தான்.

டிப்ஸை மறுத்த காலத்தில் ஊபர் சொன்ன காரணங்களில் ஒன்று, டிப்ஸில் மனிதர்களின் இனப் பாகுபாடு கலந்துவிடும் என்பது. சொன்னவரின் நோக்கம் என்னவாக இருந்தாலும் காரணம் பொய்யல்ல. கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் டாக்சிகளை ஆராய்ந்து 2005இல் யேல் சட்ட இதழில் வெளியான கட்டுரை, கறுப்பின ஓட்டுநர்கள் வெள்ளை ஓட்டுநர்களைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாக டிப்ஸ் பெற்றதைக் காட்டியது.

வசதி வந்தபின் அமெரிக்கர்கள் உண்மையில் என்ன செய்தார்கள்? ஊபரின் தலைமைப் பொருளியலாளராக இருந்த ஜான் லிஸ்ட்டும் உடன் மூவரும் 2017இல் நடந்த நான்கு கோடிப் பயணங்களை ஆராய்ந்து 2019இல் முடிவுகளை வெளியிட்டார்கள். டிப்ஸ் கொடுக்கப்பட்டது 16 விழுக்காடு பயணங்களில் மட்டும். பயணிகளில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் ஒரு முறைகூடக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு முறையும் கொடுத்தவர்கள் ஒரு விழுக்காடு. கொடுத்தபோது சராசரியாக மூன்று டாலர். டிப்ஸ் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பதில் ஓட்டுநர் எப்படிப்பட்டவர் என்பதைவிடப் பயணி எப்படிப்பட்டவர் என்பதே பல மடங்கு முக்கியம் என்பதும் தெரிந்தது. நன்றாக ஓட்டினால் நன்றாகக் கிடைக்கும் என்ற நம்பிக்கையை இந்தக் கடைசி முடிவு ஆட்டிவிடுகிறது. ஓட்டுநருக்குக் கிடைப்பது பெரும்பாலும் அவர் வண்டியில் யார் ஏறினார் என்ற அதிர்ஷ்டம்.

உணவகத்தில் கூசாமல் இருபது விழுக்காடு வைக்கும் அதே நாட்டவர் செயலி வண்டியில் ஏன் கைவிட்டார்கள்? கண் பார்வை என்பது என் ஊகம். உணவகத்தில் பரிமாறியவர் எதிரில் நிற்கிறார். நியூயார்க்கின் மஞ்சள் டாக்சியில் ஓட்டுநர் முன்னால் அமர்ந்திருக்க, பின்னிருக்கைத் திரையில் தொகையைத் தொட வேண்டும். செயலியிலோ கதவைச் சாத்திவிட்டு நடந்த பிறகு கேள்வி வருகிறது, வரும்போது வேறு நாலு அறிவிப்புகளும் வருகின்றன.

அந்த மஞ்சள் டாக்சித் திரைகளை வைத்து கரீம் ஹக்காக், ஜொவானி பாச்சி என்ற இரு ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வு நம் மூன்று பொத்தான்களுக்கும் பொருந்தும். நியூயார்க் டாக்சிகளில் சில திரைகள் 15, 20, 25 விழுக்காடு என்று காட்டின, வேறு சில 20, 25, 30 என்று காட்டின. பெரிய எண்களைக் காட்டிய வண்டிகளில் சராசரி டிப்ஸ் கூடியது. கூடவே, எதுவும் கொடுக்காமல் போனவர்களும் கூடினார்கள். எவ்வளவு கொடுக்கலாம் என்பதை நாம் யோசித்து முடிவெடுப்பதாக நினைக்கிறோம். திரையை வடிவமைத்தவர் நமக்கு முன்பே அதை யோசித்திருக்கிறார். பத்து, இருபது, முப்பதுக்குப் பதில் ஐந்து, எட்டு, பன்னிரண்டு என்றிருந்தால் சென்னையில் எட்டு ரூபாய் நியாயமாகத் தெரிந்திருக்கும்.

டிப்ஸைச் செயலியே வாங்கிக் கொடுப்பதில் இருக்கும் ஆபத்தை உணவு விநியோகத்தில் பார்த்தார்கள். டோர்டாஷ் நிறுவனம் ஒவ்வொரு டெலிவரிக்கும் ஒரு குறைந்தபட்சத் தொகையை உறுதியளித்துவிட்டு, வாடிக்கையாளர் கொடுத்த டிப்ஸையும் அந்தத் தொகைக்குள்ளேயே சேர்த்துக்கொண்டது. டிப்ஸ் கூடக்கூட நிறுவனம் தன் கையிலிருந்து போட வேண்டியது குறைந்தது. அதாவது வாடிக்கையாளர் டிப்ஸ் கொடுத்தது ஊழியருக்கு அல்ல, நிறுவனத்துக்கு. 2019இல் எதிர்ப்புக் கிளம்பியதும் முறையை மாற்றினார்கள். 2025 பிப்ரவரியில் நியூயார்க் மாநிலத்துடன் 1.675 கோடி டாலருக்கு உடன்பாடு செய்துகொண்டார்கள். பொருள்களை வீடுகளுக்குக் கொண்டுசேர்க்கும் அமேசான் ஃப்ளெக்ஸ் ஓட்டுநர்களின் டிப்ஸைப் பிடித்துவைத்ததற்காக அமேசான் 2021இல் 6 கோடி டாலருக்கு மேல் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. இந்தியத் திருத்தத்தில் டிப்ஸ் முழுவதும் ஓட்டுநருக்கே என்று எழுதியிருப்பது வெறும் சம்பிரதாய வாக்கியம் இல்லை என்பதை இந்த இரண்டு வழக்குகளும் சொல்கின்றன.

டிப்ஸை நம்பிக் கூலியை விடுவது எவ்வளவு பலவீனமானது என்பதற்கு இன்னொரு சான்றும் இருக்கிறது, கொஞ்சம் கசப்பானது. அமெரிக்க நகரங்களில் ஊபர் அடிப்படைக் கட்டணத்தை உயர்த்தியபோது என்ன நடந்தது என்று அதன் பொருளியலாளர்களே ஆராய்ந்தார்கள். ஓட்டுநரின் மணிக் கூலி முதலில் ஏறியது. பிறகு சில வாரங்களில் பழைய இடத்துக்கே இறங்கியது. வருமானம் கூடியதைப் பார்த்து ஓட்டுநர்கள் அதிக நேரம் ஓட்டினார்கள், புதியவர்கள் சேர்ந்தார்கள், ஒவ்வொருவரும் காலியாகக் காத்திருக்கும் நேரம் நீண்டது. யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வரலாம் என்ற அமைப்பில் கூடுதலாக ஊற்றும் பணம் இப்படிப் பரவி வற்றிவிடும். கட்டணத்துக்கே இந்தக் கதி என்றால் டிப்ஸை நம்பி என்ன சொல்வது. நியூயார்க் நகரம் இதற்கு விடை தேடியது வேறு வழியில். 2018இல் புதிய செயலி வண்டிகளுக்கு உரிமம் வழங்குவதை நிறுத்திவைத்தது. 2019 பிப்ரவரி முதல், செலவுகள் போக மணிக்கு 17.22 டாலர் கிடைக்கும்படி ஒவ்வொரு பயணத்துக்கும் குறைந்தபட்ச ஊதியம் விதித்தது. அந்தக் கணக்கில் ஓட்டுநரின் காத்திருக்கும் நேரமும் உண்டு.

இதற்கு நேர் எதிரான பாதையும் அங்கேயே திறந்திருக்கிறது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான வரிச் சட்டம், 2025 முதல் 2028 வரை ஆண்டுக்கு 25,000 டாலர் வரையிலான டிப்ஸ் வருமானத்துக்கு வரிக் கழிவு தருகிறது. செயலி ஓட்டுநர்களும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். ஓட்டுநருக்கு இனிப்பான செய்தி. ஆனால் கூலியாகக் கொடுக்கும் டாலருக்கு வரி, டிப்ஸாக வரும் டாலருக்குச் சலுகை என்றால், கூலியை டிப்ஸ் பக்கம் தள்ள நிறுவனத்துக்கு இன்னொரு காரணம் கிடைக்கிறது. நியூ ஜெர்சியிலும் டாலஸிலும் வாழும் நம்மவர்கள் விமான நிலையத்திலிருந்து வீடு போகும்போது கொடுப்பதா வேண்டாமா என்று தயங்குவதுண்டு. அங்கே டாக்சிக்கு 15 முதல் 20 விழுக்காடு என்பது பழைய மரபு. சிறிய பயணத்துக்கு இரண்டு மூன்று டாலர், பெட்டிகளோடு விமான நிலையப் பயணம் என்றால் ஐந்துக்குக் குறையாமல், என்பது என் அளவுகோல். எல்லோரும் கொடுக்கிறார்கள், நாம்தான் கொடுக்கவில்லை என்ற குற்ற உணர்ச்சி மட்டும் தேவையில்லை. 16 விழுக்காடு பயணங்களில் மட்டுமே டிப்ஸ் என்பது அமெரிக்கர்களின் கணக்குதான்.

அப்படியென்றால் சென்னையில் எவ்வளவு

விழுக்காட்டுக் கணக்கை நம் ஊருக்குக் கொண்டுவருவதில் எனக்கு உடன்பாடு இல்லை. 400 ரூபாய் கார் சவாரியில் ஓட்டுநர் செய்த கூடுதல் வேலையும் 90 ரூபாய் ஆட்டோ சவாரியில் செய்த கூடுதல் வேலையும் கட்டணத்தின் அளவில் வேறுபடுவதில்லை. பெட்டியின் எடை ஒன்றே. எனவே வேலையைப் பார்த்துக் கொடுப்பதுதான் சரியாகப் படுகிறது. சாதாரண சவாரிக்கு அடுத்த பத்துக்கு நிமிர்த்துவது போதும். மருந்துக் கடையில் நிறுத்திக் காத்திருந்தாலோ, பாட்டியைக் கைபிடித்து இறக்கிவிட்டாலோ, மழை நாளில் வேளச்சேரி போன்ற பகுதியில் தண்ணீருக்குள் வண்டியை விட்டாலோ இருபது முதல் ஐம்பது. விடியற்காலை மூன்று மணிக்கு மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு நேரத்துக்கு வந்து நின்ற காருக்கு ஐம்பதிலிருந்து நூறு. நள்ளிரவில் தனியாக இறங்கும் பெண், வீட்டுக் கதவு திறக்கும்வரை வண்டியை நகர்த்தாமல் நின்ற ஓட்டுநருக்கு எவ்வளவு கொடுத்தாலும் கணக்குப் பார்க்க வேண்டாம். இவை என் அளவுகள். கையில் இருப்பதைப் பொறுத்து அவரவர் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். மாதச் சம்பளத்தில் பாதியை வாடகைக்குக் கொடுத்துவிட்டு ஆட்டோவில் போகும் ஒருவர் எதுவும் கொடுக்காமல் இறங்கினால் அவர் எந்த ஓட்டுநரையும் ஏமாற்றிவிடவில்லை.

கொடுக்கும் வழி தொகையைவிட முக்கியம். ஆட்டோவில் பணமே நேரடியாகப் போவதால், யுபிஐயில் 87க்குப் பதில் 100 என்று அடித்தால் வேலை முடிந்தது. கட்டணம் அட்டையிலிருந்து நிறுவனத்துக்குப் போகும் காரில், செயலியின் டிப்ஸ் பக்கத்தைவிட ரொக்கமாகக் கையில் கொடுப்பதோ ஓட்டுநரின் சொந்தக் கியூஆர் அட்டையில் அனுப்புவதோ மேல். வழியில் யாரும் எடுக்க மாட்டார்கள், வாரக் கடைசிவரை காத்திருக்கவும் வேண்டாம். ஐந்து நட்சத்திரம் கொடுப்பதும் ஓட்டுநருக்கு உதவும், ஆனால் அதை டிப்ஸுக்கு ஈடாக எண்ணிக்கொள்ள வேண்டாம். நட்சத்திரத்துக்குப் பெட்ரோல் பங்கில் எரிபொருள் போட மாட்டார்கள்.

ஏறும் முன் செயலி கேட்கும் முப்பதுக்கு வேறு விதி. அதைக் கட்டணமாகவே எண்ணிக்கொண்டு, மொத்தத் தொகை இந்தத் தூரத்துக்குச் சரியா என்று மட்டும் பாருங்கள். கிலோமீட்டருக்கு 18 ரூபாய் என்ற சங்கங்களின் கணக்குக்குள் அடங்கினால் கொடுப்பதில் தவறில்லை. அதைத் தாண்டினால் வேறு செயலியையோ தெருமுனை ஸ்டாண்டையோ பார்க்கலாம். ஓட்டுநரே தொலைபேசியில் அழைத்து, காட்டுவதைவிட ஐம்பது கூட வேண்டும் என்று கேட்டு நாம் சம்மதித்துவிட்டால், அதுவும் கட்டணம்தான். இறங்கும்போது அதற்கு மேல் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை, அவர் பெட்டியைத் தூக்கி மூன்றாம் மாடிவரை ஏறினாலொழிய.